இல்லத்தில் குடலை இட்லி

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் குடலை இட்லியை, நீண்ட மூங்கிற்குடலையில் மந்தாரை இலைகளை அடுக்கடுக்காகப் பரப்பி, மாவை நிரப்பி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து எடுக்கிறார்கள் என்று கேட்ட மாத்திரத்தில், இது நம் அடுக்களைக்கு எட்டாத காரியம் என்று பலர் ஒதுங்கிவிடுவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. குடலை இல்லாவிட்டால் நெய் தடவிய டம்ளர் போதும்.

பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றையும் சம அளவில் ஊறவைத்து, ரவை போலக் கொரகொரப்பாக அரைத்து, உப்பிட்டு இரவு முழுவதும் புளிக்கவிட வேண்டும். மைய அரைத்த மாவில் இந்த இட்லிக்கே உரிய சொரசொரப்பு அமையாது. ஆகையால் இந்தப் பக்குவத்தில்தான் அதிக ஜாக்கிரதை அவசியம். மறுநாள், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகையும் சீரகத்தையும் கறிவேப்பிலையையும் நெய்யில் பொரித்து, சுக்குப்பொடியும் பெருங்காயமும் சேர்த்து, அந்தச் சூட்டோடு மாவில் கொட்டினால், சுர்ரென்ற ஓசையுடன் எழும் வாசனை கூடம் வரை பரவும்.

டம்ளரில் முக்கால் பாகம் ஊற்றி, அரைமணி நேரம் ஆவியில் வைத்து, நடுவே செருகிய ஈர்க்குச்சியில் மாவு ஒட்டாதிருந்தால் இறக்கலாம். மந்தாரை இலை கிடைத்து, அதை டம்ளரின் உட்புறம் சுற்றி வைத்தால் இன்னும் விசேஷம். சற்று ஆறியபின் வட்டமாக நறுக்கி, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தொட்டுச் சாப்பிடலாம். வெறுமனே சாப்பிடுவதே என் கட்சி.