பட்டியும் பட்டமும்
லொன்ஸ்டேல் பெல்ட் பற்றிய சில குறிப்புகள்

விளையாட்டு என்றால் அது அறிவுஜீவிகளுக்குரிய விடயமல்ல என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. இலக்கியம், இனப்பிரச்சினை, மார்க்சியம், பெண்ணியம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் முகத்தில் குத்திக்கொள்வதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். குத்துச்சண்டையின் நுணுக்கங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வென்றவனின் இடுப்பில் கட்டப்படும் பட்டியைப் பற்றியே எழுதுகிறேன். அதை யார் செய்தார்கள், யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்க மறுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டு போனால், நாம் இங்கு ஓயாது விவாதிக்கும் சில கேள்விகளிடமே வந்து சேருகிறோம்.

வெற்றிக்குப் பட்டி கட்டும் வழக்கம் பழையது. 1860 ஏப்ரல் 17ஆம் திகதி இங்கிலாந்தின் பார்ன்பரோவில் டொம் சேயர்ஸ் என்ற ஆங்கிலேயருக்கும் ஜோன் ஹீனன் என்ற அமெரிக்கருக்கும் நடந்த சண்டை இதற்குப் பிரபலமான உதாரணம். சேயர்ஸ் கல் அடுக்கும் மேசன் தொழிலாளி. ஹீனனைவிட உயரத்திலும் எடையிலும் மிகக் குறைந்தவர். கையுறையில்லாத சண்டை அது. சட்டவிரோதமானதும்கூட. ஆயினும் லண்டனிலிருந்து விசேட ரயில்களில் கூட்டம் போனது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக 42 சுற்றுகள் நடந்து, கூட்டம் கயிற்றை மீறி உள்ளே புகுந்ததில் முடிவின்றிக் கலைந்தது. யார் வென்றார் என்று தீர்க்க முடியாமல் இருவருக்கும் ஆளுக்கொரு வெள்ளிப் பட்டி வழங்கப்பட்டது.

சேயர்ஸ் 1865இல் இறந்தபோது சவ ஊர்வலத்துக்குப் பல்லாயிரம் பேர் திரண்டனர். அவரது கல்லறை லண்டன் ஹைகேற் மயானத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. அதே மயானத்தின் கிழக்குப் பகுதிக்கு நம்மில் பலர் போய்வந்திருக்கிறோம், கார்ல் மார்க்ஸைப் பார்க்க. வீதியின் மறுபக்கத்திலிருக்கும் இந்த மேசன் தொழிலாளியை நாம் பார்ப்பதில்லை.

பட்டி கொடுப்பவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்ற கேள்வி அமெரிக்காவில் 1887இல் வெளிப்படையாக எழுந்தது. ‘பொலிஸ் கசெற்’ பத்திரிகையின் அதிபர் ரிச்சர்ட் பொக்ஸ், தமக்குப் பிடிக்காத ஜோன் எல். சலிவனை ஒதுக்கிவிட்டு ஜேக் கில்ரெய்ன் என்பவரைச் சம்பியன் என்று அறிவித்து ஒரு பட்டியைக் கொடுத்தார். சலிவனின் ஆதரவாளர்கள் சும்மா இருக்கவில்லை. பொஸ்டன் நகரில் பணம் சேர்த்து, வைரம் பதித்த இன்னும் பெரிய தங்கப் பட்டி ஒன்றைத் தங்கள் வீரனுக்குக் கட்டினார்கள். ஒரே பட்டத்துக்கு இரண்டு பட்டிகள். 1889 யூலை 8இல் மிசிசிப்பி மாநிலத்தில் இருவரும் 75 சுற்றுகள் மோதி, சலிவன் வென்ற பின்னரே விவகாரம் தீர்ந்தது. அதே சலிவன், கறுப்பர்களுடன் மோதுவதில்லை என்ற கோட்டைக் கீறி வைத்திருந்தார். அவுஸ்திரேலியாவின் சம்பியனாக இருந்த பீற்றர் ஜாக்சன் என்ற கறுப்பு வீரருக்கு சலிவனுடன் மோதும் வாய்ப்பு ஒருபோதும் கிடைக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் இங்கிலாந்தின் லொன்ஸ்டேல் பட்டியைப் பார்க்க வேண்டும். லண்டன் கொவென்ற் கார்டனில் 1891இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டுக் கழகம் குத்துச்சண்டையைத் தெருவிலிருந்தும் வயலிலிருந்தும் மண்டபத்துக்குள் கொண்டுவந்தது. பிரபுக்கள் இராவிருந்து உடையில் வந்து அமர்வார்கள். சுற்று நடக்கும்போது யாரும் சத்தம் போடக்கூடாது. மேடையில் இரத்தம் சிந்துபவர்கள் சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும். கழகத்தின் தலைவர் ஐந்தாவது லொன்ஸ்டேல் பிரபு. அவருடைய குடும்பச் செல்வத்தின் பெரும் பகுதி கம்பர்லாண்டின் நிலக்கரியிலிருந்து வந்தது. ஆக, நிலக்கரி வெட்டியவனின் உழைப்பில் வந்த பணம், பட்டியாக உருமாறி, நிலக்கரி வெட்டியவனின் மகனுக்கே பரிசாகத் திரும்பியது என்றும் சொல்லலாம்.

1909இல் அறிமுகமான அந்தப் பட்டி, தங்கத் தகடுகளை இணைத்து நடுவில் எனாமல் சித்திரம் வைத்துச் செய்யப்பட்டது. ஒவ்வொரு எடைப்பிரிவுக்கும் ஒன்று. ஒரே பிரிவில் மூன்று பட்டப் போட்டிகளில் வென்றவர் அதைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்பதே அன்றைய விதி. அதுவரை அது அவரிடம் இருக்கும் இரவல் பொருள்தான். 1909 நவம்பரில் முதற் பட்டியை வென்றவர் வேல்ஸைச் சேர்ந்த பிரெடி வெல்ஷ். அவர் 1914இல் உலகச் சம்பியனுமானார். 1927இல் நியூயோர்க்கில் வறுமையில் இறந்தார்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். 1911 தொடக்கம் 1948 வரை பிரித்தானியப் பட்டத்துக்குப் போட்டியிடுபவர் வெள்ளையினப் பெற்றோருக்குப் பிறந்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நடைமுறையில் இருந்தது. கழகத்திடமிருந்து 1929இல் பொறுப்பேற்ற பிரித்தானியக் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டுச் சபையும் இதைத் தொடர்ந்தது. கவனிக்க வேண்டியது, போட்டியிடுபவரின் பிறப்பிடமோ பிரசாவுரிமையோ போதுமானதாக இல்லை. அவருடைய தாய் தகப்பன் யார் என்பதே கேள்வி.

இது ஆதியிலிருந்தே இருந்த வழக்கமல்ல. மேலே சொன்ன பீற்றர் ஜாக்சன் 1892 மே மாதத்தில் இதே கழகத்தின் மேடையில் பிராங் ஸ்லாவின் என்ற வெள்ளையரைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தியவர். அன்று கதவு திறந்திருந்தது. பிறகு ஏன் மூடப்பட்டது? இடையில் நடந்தது என்னவென்றால், 1908 டிசம்பர் 26இல் சிட்னியில் ஜாக் ஜோன்சன் உலகின் முதலாவது கறுப்புக் கனரகச் சம்பியனானார். 1910 யூலை 4இல் ரீனோ நகரில், வெள்ளையரின் நம்பிக்கை நட்சத்திரமாக ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்ட ஜெப்ரிஸையும் தோற்கடித்தார். அமெரிக்க நகரங்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டனர், கொல்லப்பட்டனர். அந்தச் சண்டையின் திரைப்படம் பல அமெரிக்க நகரங்களிலும் தென்னாபிரிக்காவிலும் தடைசெய்யப்பட்டது. 1911இல் ஜோன்சன் லண்டனில் பொம்பாடியர் பில்லி வெல்ஸுடன் மோதவிருந்தபோது உள்நாட்டமைச்சர் வின்ஸ்டன் சேர்ச்சில் அதை நடக்கவிடவில்லை. ஒரு கறுப்பன் ஒரு வெள்ளையனை அடித்து வீழ்த்தும் படத்தைப் பேரரசின் பிரஜைகள் பார்த்தால் என்ன ஆகும் என்ற அச்சம் இதன் பின்னால் இருந்தது. இனவாதம் என்பது என்றென்றும் உள்ள மனோபாவம் என்று சொல்பவர்கள் 1892க்கும் 1911க்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டை யோசிக்க வேண்டும். அதிகாரம் ஆட்டம் காணும்போதுதான் அது விதியாக எழுதப்படுகிறது.

இந்த விதி யாரைத் தின்றது? மஞ்செஸ்டரில் 1902இல் பிறந்த லென் ஜோன்சனை. தந்தை சியராலியோனைச் சேர்ந்தவர், தாய் மஞ்செஸ்டரின் வெள்ளைப் பெண். சந்தை மைதானங்களின் கூடாரங்களில் யார் வந்தாலும் மோதிப் பழகியவர். 1925இல் அன்றைய பிரித்தானிய நடுத்தர எடைச் சம்பியன் ரோலண்ட் டொட்டை வென்றார். ஆனால் அது பட்டமில்லாத போட்டியாகவே நடத்தப்பட்டது. பின்னாளில் சம்பியனான லென் ஹார்வேயையும் 1927இல் வென்றார். 1926இல் அவுஸ்திரேலியா சென்று பேரரசுப் பட்டத்தையே வென்று வந்தார். இங்கிலாந்தில் அதை அங்கீகரிக்கவில்லை. சம்பியன்களை வென்றவர் சம்பியனாக முடியாமல் 1933இல் ஓய்வுபெற்றார்.

அதே பேரரசின் வேறொரு முகத்தையும் சொல்ல வேண்டும். 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுகளில் குத்துச்சண்டையில் தங்கப்பதக்கம் பெற்றவர்களில் ஒருவர் இலங்கையின் பார்னி ஹென்ரிக்கஸ். பேரரசின் குடும்ப விழாவில் பதக்கத்துக்கு நிறம் தடையில்லை. பணமும் புகழும் நாட்டின் பெயரும் சேரும் தொழில்முறைப் பட்டிக்கு மட்டும் தடை.

தடை 1948இல் நீங்கியது. யூன் 28இல் பேர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் டிக் டேர்பின் பிரித்தானியாவின் முதலாவது கறுப்புச் சம்பியனானார். அவரது தந்தை பிரித்தானிய கயானாவிலிருந்து வந்து முதலாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்காகப் போரிட்டவர். தகப்பன் அகழியில் நிற்பதற்குத் தடையில்லை. மகன் பட்டிக்காக நிற்பதற்கு இத்தனை காலம் எடுத்தது. டேர்பின் வென்றது ‘எம்பயர் வின்ட்ரஷ்’ கப்பலில் வந்த மேற்கிந்தியர்கள் இங்கிலாந்தில் தரையிறங்கி ஒரு வாரத்துக்குள்.

1948 என்றதும் நமக்கு வேறொன்று ஞாபகம் வர வேண்டும். அதே ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கு பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். பிறப்புப் பதிவேயில்லாத தோட்டத் தொழிலாளி இதை எப்படிக் காட்டுவான்? மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். ஒரு குத்துச்சண்டைச் சபை, பெற்றோரைக் கேட்கும் விதியைக் கைவிட்ட அதே ஆண்டில், ஒரு சுதந்திர நாடு அதைச் சட்டமாக எழுதியது. அடுத்து வந்த மசோதாக்களில் தமிழ்த் தலைமையின் ஒரு பகுதி அரசுடன் நின்றதையும் நாம் மறக்கலாகாது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி இரண்டு வரி. ஊரில் விரிவுரையாளனாக இருந்தவன் நான். இங்கு பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் வேலை. எனக்குக் கிடைத்த ஒரே பெல்ட், முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கறுத்த றப்பர் பெல்ட்தான். வந்த புதிதில் ஓர் அலுவலகம் எனது பட்டங்களைப் பரிசீலித்து, அவை இங்குள்ளவற்றுக்குச் சமமானவையல்ல என்று மூன்று வரியில் எழுதியது. நம்மில் பலருடைய அலுமாரியில் இப்படியொரு கடிதம் இருக்கும். அதைக் காட்டி லென் ஜோன்சனுடன் என்னை ஒப்பிட நான் தயாரில்லை. எனது பட்டத்தை இவர்கள் மதிப்பிடவில்லை என்று நான் கசப்படையும்போது, என்னுடைய ஊரில் அந்தப் பட்டத்தின் வாசல்வரைகூட விடப்படாதவர்கள் எவர் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. தேநீர்க்கடையில் தனிக் குவளை வைத்த சமூகத்தின் பட்டதாரிகள் நாம்.

ஜோன்சனின் பிற்கால வாழ்க்கை இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் கம்யூனிஸ்டானார். 1945இல் மஞ்செஸ்டரில் நடந்த பான்-ஆபிரிக்க மாநாட்டில் பங்குபற்றினார். 1946இல் மொஸ் சைட் பகுதியில் நிறபேதத்துக்கு எதிரான ‘புதிய சர்வதேசச் சங்கத்தை’ நண்பர்களுடன் ஆரம்பித்தார். 1953இல் தன் பகுதி மதுச்சாலை ஒன்றில் கறுப்பர் என்பதற்காகப் பரிமாற மறுக்கப்பட்டபோது இருநூறு பேரளவில் திரட்டி வாசலில் நின்றார். தடை நீங்கியது. உள்ளே சென்று குடித்தார். பட்டியை இழந்த மனிதன், தனக்கு மட்டுமல்லாது அடுத்து வருகிற எவனுக்கும் கிடைக்கக்கூடிய ஒன்றை வென்றார். 1974இல் அவர் இறந்தபோதும் அவர் பெயரில் பட்டி எதுவும் இல்லை.

பட்டி பெற்றவர்கள் கதையும் இனிமையானதல்ல. டிக்கின் தம்பி ரண்டொல்ப் டேர்பின் 1951இல் சுகர் ரே ரொபின்சனை வென்று உலகச் சம்பியனானவர். 1962இல் வங்குரோத்தானார், 1966இல் தற்கொலை செய்துகொண்டார். மூன்று லொன்ஸ்டேல் பட்டிகளைச் சொந்தமாக்கிய ஒரே வீரரான ஹென்றி கூப்பர், காப்புறுதி முதலீட்டில் நட்டப்பட்டு 1993இல் மூன்றையும் ஏலத்தில் விற்றார். கிடைத்தது 42,000 பவுண். ஒரு பட்டியின் மதிப்பு தங்கத்தில் இல்லை, அங்கீகாரத்தில் இருக்கிறது என்பார்கள். அங்கீகாரத்தைக் கொண்டு கடன் அடைக்க முடியாது என்பதும் உண்மை.

நமது சங்கங்களின் மேடைகளில் பொன்னாடையும் பட்டங்களும் தாராளமாக வழங்கப்படுகின்றன. அவற்றை வழங்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எழுதப்படாத நிபந்தனைகள் என்ன, வரிசையில் நிற்கவே விடப்படாதவர்கள் யார்? இந்த நாட்டின் கதவுகளைத் தட்டும்போது நாம் கேட்கிற இதே கேள்விகளை நமது மண்டபங்களின் வாசலிலும் கேட்க வேண்டும். மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் எழுதட்டும்.