குழல் மாற்றும் துப்பாக்கி: கூடுதல் காசுக்குப் பலன் உண்டா?

தஞ்சாவூர் கீழவாசலில் பீரங்கி மேட்டில் ஏறினால் ராஜகோபால பீரங்கியைப் பார்க்கலாம். ரகுநாத நாயக்கர் காலத்து இரும்பு, எடை ஏறக்குறைய 22 டன். வார்த்து எடுத்தது அல்ல; நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, மேலே வளையம் வளையமாக மாட்டி, காய்ச்சி அடித்து ஒட்டியது. அதில் குழல்தான் ஆயுதம். அதைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கொல்லர்கள் சிரித்திருப்பார்கள்.

இன்றைக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரே துப்பாக்கி, குழலை மாற்றினால் வேறு தோட்டா சுடும். விலை கூடுதல். அந்தக் கூடுதல் காசுக்குப் பலன் உண்டா என்ற கேள்விக்கு இந்திய ராணுவமே நான்கு ஆண்டுகள் செலவழித்து ஒரு பதில் தேடியது.

2011-இல் ராணுவம் கேட்டது 66,000 துப்பாக்கிகள். ஒரு குழலில் 5.56 மி.மீ. தோட்டா, இன்னொரு குழலில் ஏகே-47 சுடும் 7.62 மி.மீ. தோட்டா. கேட்டதற்குக் காரணம் இருந்தது. கையில் இருந்த இன்சாஸ் 5.56 ரகம், காஷ்மீரில் பயங்கரவாத எதிர்ப்புப் பணிக்குப் போன பிரிவுகளோ ஏகே-வையே விரும்பின. இரண்டு துப்பாக்கிக்குப் பதில் ஒன்றே போதுமே என்று கணக்குப் போட்டார்கள். இத்தாலியின் பெரெட்டா, அமெரிக்காவின் கோல்ட், செக் நாட்டின் சிஇசட், இஸ்ரேலின் ஐடபிள்யூஐ ஆகியவை சோதனைக்கு வந்தன. 2015 ஜூனில் டெண்டரே ரத்தானது. கேட்ட தகுதிகளை எந்தத் துப்பாக்கியும் முழுமையாக எட்டவில்லை. என்னைக் கேட்டால், தவறு துப்பாக்கிகளில் மட்டும் இல்லை, கேட்ட பட்டியலிலும் இருந்தது.

ஏன் என்று புரிய, உள்ளே என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். 5.56 தோட்டாவின் அடிப்பகுதி 9.6 மி.மீ. அகலம், ஏகே தோட்டாவின் அடி 11 மி.மீ.க்கு மேல். ஆகவே தோட்டாவைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்டும் மாற வேண்டும். ஏகே தோட்டாவின் உடல் கூம்பு வடிவம் என்பதால் மேகசின் வாழைப்பழம் போல வளைந்தாக வேண்டும், அதுவும் மாறும். அப்புறம் குறி. 5.56 குண்டு நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் பறக்கும். மற்றது 715 மீட்டர் அளவில்தான். இரண்டும் விழும் வளைவு வேறு. குழலை மாற்றிய பிறகு சுட்டுப் பார்த்து, பார்வைக் கருவியைத் திருத்தாமல் நம்பிப் போக முடியாது. குழல் மாற்றச் சில நிமிடம் போதும், குறியைச் சரிபார்க்கச் சுடுதளம் வேண்டும். இது விளம்பரப் படத்தில் வராது.

டெல்டாக்காரருக்கு இதை டிராக்டர் வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். சேற்றுழவுக்குக் கேஜ் வீல், புழுதிக்கு ரொட்டவேட்டர், அறுப்பு முடிந்தால் டிரெய்லர். ஒரே இன்ஜின், பின்னால் மாட்டுவதுதான் வேறு. கட்டுப்படியாகிறது. ஏனென்றால் எந்த வேலை எந்த வாரம் வரும் என்பது ஆற்றில் தண்ணீர் வரும்போதே தெரியும். மாட்டிக் கழற்ற நேரமும் உண்டு. ஆனால் அறுவடைக்கு அதே டிராக்டரை யாரும் மாற்றியமைத்துக் கொண்டிருப்பதில்லை. ஈரக்காலோடு நிற்கும் சம்பாவுக்குச் செயின் போட்ட அறுவடை வண்டியைத்தான் வாடகைக்குப் பிடிக்கிறோம். சிப்பாயின் நிலைமை இரண்டாவது வகை. எந்தப் பணி என்பது முகாமிலிருந்து கிளம்பும்போதே முடிவாகிவிடுகிறது; அதற்கென்றே உள்ள துப்பாக்கியை எடுத்துக்கொண்டால் போதும். வழியில் குழல் மாற்றும் தேவை அவருக்கு அநேகமாக வருவதே இல்லை. மாற்றுக் குழலும் போல்ட்டும் மேகசினும் யார் முதுகில் போகும் என்பது வேறு கேள்வி.

அமெரிக்கச் சிறப்புப் படைகளும் இதே இடத்தில்தான் முட்டி நின்றன. 2004-இல் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்தின் குழல் மாற்றும் ஸ்கார் துப்பாக்கி வரிசையைத் தேர்ந்தெடுத்தார்கள். 2010-இல் அதன் 5.56 ரகத்தை மேற்கொண்டு வாங்குவதை நிறுத்தினார்கள். கையிலிருக்கும் எம்-4 துப்பாக்கியை விட, செலவை நியாயப்படுத்தும் அளவுக்கு அது மேலானதாக இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 7.62 ரகம் மட்டும் தங்கியது.

நம் ராணுவமும் ஒரு தோட்டாவுக்கு ஒரு துப்பாக்கி என்ற பழைய வழிக்கே திரும்பியது. 2019-இல் அமெரிக்க சிக் 716 ரகத்தில் 72,400, ஏறக்குறைய 700 கோடி ரூபாய்க்கு. ஒன்றின் விலை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே. 2021 டிசம்பரில் ஏகே-203 ஒப்பந்தம். 6,01,427 துப்பாக்கிகள், 5,000 கோடிக்கு மேல். இரண்டிலும் குழல் மாற்றும் வித்தை கிடையாது.

டெல்டாவின் தலைமாட்டில் இருக்கும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966-இல் தொடங்கியது. அங்கே உருவான 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' ஏகேஎம் வழி வந்தது, 7.62 மட்டும் சுடும். புனேயில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் 5.56, 6.8, 7.62 என மூன்று தோட்டாவுக்கும் மாறும் துப்பாக்கி ஒன்றை வடிவமைத்துக் காட்டியது. படைகளின் கைக்கு அது பெருவாரியாகப் போகவில்லை.

அப்படியானால் கழற்றி மாட்டும் குழலே வீண் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. இயந்திரத் துப்பாக்கியில் அது இல்லாமல் நடக்காது. தொடர்ந்து நூற்றுக்கணக்கில் சுட்டால் குழல் பழுக்கக் காயும்; கழற்றி ஆறவிட்டு வேறொன்றை மாட்டியே ஆக வேண்டும். 2020 மார்ச்சில் 880 கோடிக்கு வாங்க ஒப்பந்தமான 16,479 நெகெவ் இயந்திரத் துப்பாக்கிகளில் அந்த வசதி உண்டு. ஒன்று ஐந்து லட்சத்துக்கு மேல். அதில் குழல் மாற்றும் வசதிக்கான பங்கை யாரும் குறை சொல்லவில்லை. சாதாரணத் துப்பாக்கியிலும் ஆயுதக் கிடங்கு மிஸ்திரிக்கு லாபம் இருக்கிறது. தேய்ந்த குழலைத் தொழிற்சாலைக்கு அனுப்பாமல் அங்கேயே மாற்றிவிடலாம். தொழிற்சாலைக்கும் லாபம், ஒரே உடலை வைத்துப் பல தோட்டாவுக்கான ரகங்களைச் செய்யலாம். விற்பவர்கள் சிப்பாயைக் காட்டி விலை சொல்கிறார்கள். பலன் பெரும்பாலும் கிடங்கில் விழுகிறது.

விளையாட்டில் கணக்கு வேறு. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ஆடும் டிராப் போட்டியில், குழல் முனையில் திருகி மாட்டும் 'சோக்' மூலம் சிதறல் பரப்பைக் கூட்டிக் குறைக்கலாம். சிறு உருளைதான், காசுக்கு ஏற்ற பலன்.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கும் பழைய இரட்டைக் குழலை வைத்திருக்கும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு தகவல். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. அதனால் ஒரே துப்பாக்கிக்கு இரண்டாவது குழல் வாங்கிக்கொள்ளும் யோசனை சிலருக்கு வரலாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகத்தையும் துப்பாக்கி என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. கடைக்குப் போகும் முன் லைசென்ஸ் புத்தகத்தோடு கலெக்டர் அலுவலகம் போவது நல்லது.