மலைமேல் இருக்கும் ரிப்பீட்டருக்கு யார் எஜமான்?

போளூரில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் மேற்கே ஜவ்வாது மலை தெரியும். மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூர், நேர்கோட்டில் அளந்தால் 30 கி.மீ.க்குள்தான். ஆனால் போளூரிலிருந்து ஒருவர் வாக்கி டாக்கியில் எத்தனை முறை கூப்பிட்டாலும் அங்கே இருப்பவருக்குக் கேட்காது. செட்டில் குறையில்லை, பேட்டரியிலும் குறையில்லை. வாக்கி டாக்கியின் விஎச்எஃப் அலை ஏறக்குறைய வெளிச்சத்தைப் போல நேராகப் போகிற சாதி. நடுவில் மலை நின்றால் அலையும் அங்கேயே நின்றுவிடும்.

சமவெளியிலும் பூமியின் வளைவு விடாது. ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஓர் ஆள் கையில் பிடித்திருக்கும் செட்டுக்கு இது சுமார் 5 கி.மீ. அதே ஆன்டெனாவைச் சமவெளியிலிருந்து 700 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் 109 கி.மீ. காவல் துறை, வனத் துறை, மின்வாரியம், அமெச்சூர் ரேடியோக்காரர்கள் என்று வயர்லெஸ் வைத்திருக்கிற எவரும் உயரமான இடம் தேடுவது இதனால்தான். கீழிருந்து வரும் பலவீனமான அலையை மேலே பிடித்து, அதே நொடியில் வேறொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும் கருவிக்கு ரிப்பீட்டர் என்று பெயர். மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவரும் அந்தப் பக்கம் இருப்பவரும் அதன் வழியாகப் பேசிக்கொள்ளலாம்.

ரிப்பீட்டருக்குள் ஒரு காதும் ஒரு வாயும் இருக்கின்றன. காது என்பது ரிசீவர், வாய் என்பது டிரான்ஸ்மிட்டர். இரண்டும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் ஒரே ஆன்டெனாவில் வேலை செய்கின்றன. நல்ல ரிசீவர் ஒன்று கால் மைக்ரோவோல்ட் சிக்னலையும் கேட்டுவிடும். பக்கத்திலேயே டிரான்ஸ்மிட்டர் 50 வாட்டில் கத்திக்கொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 40,000 லட்சம் கோடி மடங்கு. அந்தக் கத்தலுக்கு நடுவே முணுமுணுப்பைக் கேட்க வைப்பது டூப்ளெக்ஸர் என்னும் உலோக உருளைகளின் வரிசை. விஎச்எஃப் டூப்ளெக்ஸர் என்றால் ஒவ்வோர் உருளையும் பால் கேனை நினைவுபடுத்தும். இந்தத் தொழிலில் பாதிப் பேச்சு டூப்ளெக்ஸரைப் பற்றித்தான் இருக்கும். நான் சொல்ல வருவது மூளையைப் பற்றி.

கம்பெனியில் செய்து வரும் ரிப்பீட்டருக்கு உள்ளேயே ஒரு சின்ன மூளை உண்டு. காதில் சிக்னல் விழுந்தால் வாயைத் திற, நின்றால் மூடு என்பதுதான் அதற்குத் தெரிந்த வேலை. ஒரே அலுவலகத்துக்குள் பேச அது போதும். ஆளில்லாத மலை உச்சியில் அதே கருவியை வைத்தால்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஜீப் சீட்டுக்கு அடியில் மைக் சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். பேசும் பட்டன், இந்தத் தொழிலில் சொல்வதென்றால் பி.டி.டி., அழுந்தியே கிடக்கிறது. வண்டி ஓட்டுபவருக்கு அது தெரியாது. எஞ்சின் சத்தமும் ஹாரன் சத்தமும் மலை ஏறி, மாவட்டம் முழுவதும் ஒலிபரப்பாகின்றன. மற்ற யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. 50 வாட் ரிப்பீட்டர் பேசும்போது பேட்டரியிலிருந்து சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். உச்சியில் 100 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் 9 மணி நேரத்தில் காலி. மேகம் மூடிய ஐப்பசி நாளில் சோலார் பேனலும் கைகொடுக்காது. விடிவதற்குள் ரிப்பீட்டர் செத்திருக்கும். ஒரு மைக் சிக்கியதற்கு அவ்வளவு பேரும் ஊமையாக வேண்டியிருக்கும்.

வெளிக் கன்ட்ரோலர் தேவைப்படுவது இங்கேதான். ரிப்பீட்டருக்கு வெளியே தனிப் பெட்டியாக வைத்து, பின்பக்கப் பிளக்கில் இணைக்கும் இன்னொரு மூளை இது. 3 நிமிடத்துக்கு மேல் யார் பேசினாலும் வெட்டிவிடும். குறித்த இடைவெளியில் நிலையத்தின் அழைப்புக்குறியை மோர்ஸில் சொல்லும். பேட்டரி இறங்கினால் எச்சரிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. கீழே இருப்பவர் தன் செட்டின் எண் பட்டன்களில் ரகசிய எண்ணை அழுத்தினால் ரிப்பீட்டரை அது அணைத்துவிடும். போன் பட்டன் ஓசை என்று நாம் சொல்லும் அதே டி.டி.எம்.எஃப். ஓசைதான் அந்தக் கட்டளையைக் கொண்டுபோகிறது. ஆர்காம் ஆர்.சி.-210 போன்ற ஆயத்தப் பெட்டிகள் இதற்கென்றே வருகின்றன. ராஸ்ப்பெர்ரி பை கணினியில் எஸ்.வி.எக்ஸ்.லிங்க் என்னும் இலவச மென்பொருளை ஏற்றியும் செய்யலாம். கையில் வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு ஆர்டுவினோ போதும்.

பெட்டியை வாங்குவது எளிது. இணைப்பதில்தான் இடறுவார்கள். நானும் இடறியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய ரிப்பீட்டரை மேசையில் வைத்து, ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு மாட்டி, கன்ட்ரோலரை இணைத்துக்கொண்டிருந்தோம். சுவிட்சைப் போட்டதுமே டிரான்ஸ்மிட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தபடியே நின்றது. கூட இருந்த பையன், “அண்ணா, யாரும் மைக்கைத் தொடவே இல்லையே!” என்றான். ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அணைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்தோம். சிக்னல் வந்ததைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஒயரில், சிக்னல் இல்லாதபோது 4.8 வோல்ட் இருந்தது. சிக்னல் வந்தால் அது பூஜ்யத்துக்கு இறங்கியது. கன்ட்ரோலரோ, வோல்ட் ஏறினால்தான் சிக்னல் வந்ததாக நினைப்பது. இரண்டு பெட்டியும் தத்தம் பாஷையில் சரியாகவே பேசியிருக்கின்றன. ஒருவர் ‘இல்லை’ என்று சொன்னதை மற்றவர் ‘ஆமாம்’ என்று கேட்டிருக்கிறார். கன்ட்ரோலரில் ஒரே ஓர் அமைப்பை மாற்றியதும் விளக்கு அணைந்தது.

அந்த ஒயருக்குப் பெயர் சி.ஓ.ஆர். காதில் சிக்னல் விழுந்தது என்று சொல்வது அதன் வேலை. எதிர்த்திசையில் போகும் ஒயர் பி.டி.டி., அதாவது வாயைத் திற என்னும் கட்டளை. பெரும்பாலான செட்களில் இந்த ஒயரைத் தரையோடு, அதாவது கிரவுண்டோடு சேர்த்தால் டிரான்ஸ்மிட்டர் இயங்கும். கன்ட்ரோலருக்குள் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் அந்த வேலையைச் செய்யும். இந்த இரண்டோடு போகிற ஆடியோவுக்கு ஒன்று, வருகிற ஆடியோவுக்கு ஒன்று, பொதுவான கிரவுண்ட் ஒன்று. மொத்தம் 5 ஒயர்தான். பின்பக்கப் பிளக்கில் 25 முள் இருக்கலாம், அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இன்றைய செட்களில் எந்த முள்ளுக்கு என்ன வேலை என்பதைக் கணினியில் மென்பொருள் வழியாகச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாத முள்ளில் எத்தனை அழகாகப் பற்றவைத்தாலும் ஒன்றும் நடக்காது.

ஆடியோ ஒயர்தான் ஆளைக் கொல்லும். எஃப்.எம். ரேடியோவில் பேச்சை அனுப்பும்போது கீச்சொலிகளை வேண்டுமென்றே தூக்கி அனுப்புவார்கள். வாங்கும் செட் அதே அளவுக்கு அவற்றை இறக்கிக்கொள்ளும். ஸ்ருதி இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் என்பது கணக்கு. ரிப்பீட்டரின் பிளக்கில் இந்த ஏற்ற இறக்கம் நடப்பதற்கு முந்தைய பச்சை ஆடியோ ஒரு முள்ளிலும், பிந்தைய வடிகட்டிய ஆடியோ வேறொரு முள்ளிலும் கிடைக்கும். உள்ளே போகும் வழியும் அப்படியே இரண்டு. பச்சை ஆடியோவை எடுத்து மைக் வழியில் விட்டால் ஏற்கெனவே தூக்கியது இன்னொரு முறை தூக்கப்படும். பேச்சில் ‘ச’வும் ‘ஷ’வும் காதைக் கிழிக்கும். மாற்றிச் செய்தால் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல் மந்தமாகிவிடும். பச்சையாக எடுத்ததைப் பச்சையாகவே விட வேண்டும். வடிகட்டி எடுத்ததை மைக் வழியில் விட வேண்டும்.

அளவும் ஒத்துப்போக வேண்டும். 25 கிலோஹெர்ட்ஸ் அகலச் சேனலில் குரல் அதிகபட்சம் 5 கிலோஹெர்ட்ஸ் வரை அலையை ஆட்டலாம். 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுகிய சேனலில் அது 2.5தான். அகலச் சேனல் என்றால், 1,000 ஹெர்ட்ஸ் ஓசை ஒன்றை 3 கிலோஹெர்ட்ஸ் ஆட்டத்தில் காதில் கொடுத்து, வாயிலும் 3 வருகிறதா என்று அளந்து பார்த்துத் திருகை நிறுத்துவது வழக்கம். ‘நல்லா சத்தமா இருக்கு’ என்று காதால் கேட்டு வைத்துவிட்டு மலை இறங்குபவர்கள் மறுபடி மலை ஏறுவார்கள். இரண்டு பெட்டிக்கும் தனித்தனி மின்சாரம் என்றால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். ஆடியோ ஒயரில் 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். இடி மின்னலின்போது அது இன்னொரு உதவியும் செய்கிறது. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஆடியோ வழியாக நேரடி மின்தொடர்பு இல்லாமல் பார்த்துக்கொள்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் கன்ட்ரோலரின் பேச்சு எடுபடவில்லை என்றால், ரிப்பீட்டரின் உள் மூளை இன்னும் விழித்திருக்கிறது என்று பொருள். 3 நிமிடம் ஆனதும் கன்ட்ரோலர் கையை எடுத்துவிடும். உள் மூளையோ, காதில் இன்னும் சிக்னல் இருக்கிறதே என்று வாயைத் திறந்தே வைத்திருக்கும். ஒரு வீட்டில் இரண்டு எஜமானர்கள். ரிப்பீட்டரின் அமைப்பில் போய் உள்ளுக்குள் தானாகத் திருப்பி அனுப்பும் வேலையை நிறுத்தி, அதைக் காதும் வாயும் மட்டும் உள்ள பேஸ் ஸ்டேஷனாக மாற்ற வேண்டும். மலையேறும் முன் இதை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிடுவது நல்லது. டிஜிட்டல் முறையில் ஓடும் டி.எம்.ஆர். ரிப்பீட்டருக்கு இந்த ஐந்து ஒயர்க் கதை பொருந்தாது. அங்கே குரல் எண்களாகவே போய் எண்களாகவே திரும்புவதால், ஆடியோ ஒயருக்கு நடுவில் வேலையில்லை. வெளிக் கன்ட்ரோலர் வேண்டுமென்றால் அனலாக் முறையில் வைக்க வேண்டும்.

தூரத்திலிருந்து ரிப்பீட்டரை ஆள்வது மலைக்கு மட்டும் உரிய விஷயமில்லை. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட் கொண்டுபோன ஹாம்சாட், வானத்தில் சுற்றிய அமெச்சூர் ரேடியோ அஞ்சல் நிலையம். அதில் இந்தியாவில் செய்த டிரான்ஸ்பாண்டர் (அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) ஒன்றும் நெதர்லாந்து மாணவர் ஒருவர் செய்தது ஒன்றும் இருந்தன. எது ஓட வேண்டும் என்பதைத் தரையிலிருந்து கட்டளை அனுப்பி மாற்றினார்கள். 2014 வரை அது உழைத்தது. இப்போது சர்வதேச விண்வெளி நிலையத்திலும் அமெச்சூர்களுக்கான ரிப்பீட்டர் உண்டு. அது 145.990 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 437.800 மெகாஹெர்ட்ஸில் திருப்பிச் சொல்கிறது. நம் குரலோடு 67 ஹெர்ட்ஸ் என்ற மிக மெல்லிய அடியோசையும் சேர்ந்து போனால்தான் அதன் கதவு திறக்கும். மலை ரிப்பீட்டர்களையும் இதே போன்ற ஓசைப் பூட்டுத்தான் வழிப்போக்கு இரைச்சலுக்கெல்லாம் வாய் திறக்காமல் காக்கிறது. நிலையம் தலைக்கு மேல் போகும்போது, ரிப்பீட்டர் இயக்கத்தில் இருந்தால் போளூர் மொட்டைமாடியிலிருந்து ஒரு கைச்செட்டில் அதைக் கேட்கலாம்.

உரிமம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவில் ரிப்பீட்டர் நிறுவ, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு உரிமமும் அலைவரிசையும் தர வேண்டும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளுக்கு 2018 விதிகள் உரிம விலக்கு தந்திருக்கின்றன. அந்த விலக்கை வைத்துக்கொண்டு மலைமேல் ரிப்பீட்டர் நிறுத்த முடியாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று செட்டை வாங்கி யாருடைய அலைவரிசையிலோ பேசுவது, அவசரத்தில் உதவி கேட்கும் ஒருவரின் வாயைப் பொத்துவதற்குச் சமம். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும் இதற்காகத்தான். முறையாக வர நினைப்பவர்களுக்கு அமெச்சூர் தேர்வு இருக்கிறது. 12 வயதிலிருந்தே எழுதலாம்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு இடிந்து, குழந்தைகள் உட்பட 7 பேரை நாம் இழந்தோம். போளூரிலிருந்து அந்த இடம் வெகு தூரமில்லை. மழைக்காலத்தில் மலையோரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வயர்லெஸ் கடைசி நம்பிக்கை.

ஆகவே மலைமேல் ரிப்பீட்டர் வைத்திருக்கும் துறைகளுக்கும் அமெச்சூர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அலைவரிசை ஓய்வாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், கீழே நின்று ஒரு செட்டின் பட்டனை 4 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். 3 நிமிடத்தில் ரிப்பீட்டர் வெட்டுகிறதா, பட்டனை விட்டதும் மீண்டும் எழுகிறதா என்று இன்னொரு செட்டில் கேளுங்கள். பிறகு அணைக்கும் எண்ணை அழுத்திப் பாருங்கள். அணையவில்லை என்றால், மழை வருவதற்குள் ஒருவர் மலை ஏற வேண்டும்.