கைப்பணம் – 9: எத்தனை பவுன், யார் வைத்த கணக்கு?

“நாங்க எதுவும் கேக்கல்ல. உங்க பிள்ளைக்கு நீங்க போடுவீங்க.” குமரி மாவட்டத்தில் கல்யாணப் பேச்சு பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் வந்து நிற்கும். எண் எதுவும் வாயில் வராது. அதனாலேயே பெண்ணைப் பெற்றவர் அன்றிரவு தூங்க மாட்டார். மேலத்தெருவில் எத்தனை போட்டார்கள், மைனி மகளுக்கு எத்தனை போட்டார்கள் என்று விசாரித்து, அதற்கு ஒரு பவுனாவது கூடுதலாகத் தாமே ஒரு கணக்கு வைத்துக்கொள்வார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. பெண்ணும் படித்திருப்பாள், வேலைக்கும் போவாள். ஆனாலும் பவுன் கணக்கு இறங்குவதில்லை.

உடுப்பிலும் நகையிலும் எங்கே தாராளமாகச் செலவழிக்கலாம், எங்கே கையை இறுக்கலாம் என்பதுதான் இந்த வாரப் பேச்சு. இந்த மண்ணில் நின்றுகொண்டு சிக்கனம் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. இங்கே ஏழைப் பெண்ணைப் பார்த்து “உனக்கு எதற்கு நல்ல துணி?” என்று ஒரு காலத்தில் கேட்டது பக்கத்து வீட்டார் அல்ல, அரசாங்கம்.

குமரி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் முதலிய சமூகப் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. தங்க நகைக்கும் தடை இருந்தது. கிறிஸ்தவராக மாறிய பெண்கள் குப்பாயம் என்னும் ரவிக்கை போன்ற மேலாடை அணிய, ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில் அனுமதி கிடைத்தது. ஆனால் அணிந்து வெளியே வந்தவர்களைச் சந்தையில் வழிமறித்து, துணியைக் கிழித்தார்கள். 1822-இல் கல்குளம் பகுதியில் வெடித்த தோள்சீலைக் கலகம் அடங்கியும் மூண்டும் 1859 வரை நீண்டது. அந்த ஆண்டு ஜூலை 26 அன்று, சென்னை ஆளுநர் டிரெவெல்யன் கொடுத்த நெருக்கடியில் உத்திரம் திருநாள் மகாராஜா அறிக்கை வெளியிட்டார். நாடார் பெண்கள் இனி மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது. குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், அல்லது மீனவர்களான முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். உரிமை கொடுத்த அறிக்கையே துணியின் தரத்தையும் கட்டும் முறையையும் சேர்த்தே விதித்தது.

இதே காலத்தில்தான் நாகர்கோவிலில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. 1819-இல் கணவர் சார்லஸ் மால்ட்டோடு இங்கே வந்த மார்த்தா மால்ட், மிஷன் பள்ளியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டில் வரைபடத்தைப் பதித்து, ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. கண் வலிக்கும், முதுகு வலிக்கும். ஆனாலும் கூலி அவர்கள் கையிலேயே வந்தது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தப் பணத்தின் கனம் தெரியும்.

சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னதும் இதே காலம்தான். தலையில் துணி கட்டினாலே குற்றம் என்றிருந்த மக்களுக்கு அவர் சொன்னது அது. இன்றும் அங்குள்ள பதிக்குள், அதாவது வழிபாட்டுத் தலத்துக்குள், போகும் ஆண்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள். சாதாரணத் துணிதான், விலை கொஞ்சம்தான்.

ஆகவே, கொத்தனார் வேலைக்குப் போகும் ஒருவர் கிறிஸ்துமஸுக்கோ கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ பிள்ளைகளுக்கு நல்ல உடுப்பு எடுத்தால் அதை வீண்செலவு என்று நான் சொல்ல மாட்டேன். தன் கண்ணியத்துக்காகத் தன் விருப்பத்தில் செய்யும் செலவு அது. அன்று மகாராஜா உச்சவரம்பு விதித்தார். இன்று சம்பந்தி வீடும் ஊர் வாயும் கீழ்வரம்பு விதிக்கின்றன. இரண்டிலும் உடுத்துகிறவளை யாரும் கேட்பதில்லை. அடுத்தவர் விதித்த அளவுக்காகச் செய்யும் செலவைத்தான் வெட்ட வேண்டும் என்கிறேன்.

பவுனில் எங்கே வெட்டுவது? ஒரு பவுன் 8 கிராம். பத்துப் பவுன் எடுக்கிறீர்கள் என்றால் 80 கிராம். அடர்த்தியான வேலைப்பாடுள்ள மாலைக்கு 18 விழுக்காடு சேதாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14.4 கிராமுக்கான பணம் உங்கள் கையில் வராத தங்கத்துக்குப் போகிறது. அதே எடைக்கு 8 விழுக்காடு சேதாரத்தில் வளையலோ சங்கிலியோ எடுத்தால் 6.4 கிராம். வித்தியாசம் சரியாக 8 கிராம், ஒரு முழுப் பவுன்! இதற்கு மேல் செய்கூலி, மொத்தத்துக்கும் 3 விழுக்காடு ஜிஎஸ்டி. அவசரத்துக்கு விற்கப் போகும் நாளில் சேதாரமும் செய்கூலியும் திரும்பி வராது, கல்லின் எடையையும் கழித்துவிடுவார்கள். எனவே தினமும் கழுத்தில் கிடக்கும் சங்கிலிக்கும் கையில் போடும் வளையலுக்கும் தாராளமாகச் செலவழியுங்கள். ஒரு நாள் மேடைக்கு மட்டும் என்றால் கவரிங் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எது வாங்கினாலும் 22கே916 முத்திரையும் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடியும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் விவரம் வந்துவிடும்.

வடசேரி நகை வேறு கணக்கு. அங்கே செய்யும் நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளித் தகட்டை வடிவாக வெட்டி, அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக் கற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை அழுத்துவார்கள். சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம் என்று சாமிக்குச் செய்த உருப்படிகள்தான் பரதநாட்டியக்காரர்களின் நகையாகவும் ஆயின. பிள்ளை நடனம் சேர்ந்த முதல் வருடமே முழு செட்டும் வாங்க ஓடாதீர்கள். பள்ளி ஆண்டு விழாவுக்குச் செம்பில் செய்த செட்டோ வாடகை செட்டோ போதும். அவள் தொடர்ந்து ஆடுவாள் என்று தெரிந்த பிறகு தலைசாமானில் தொடங்கி ஒவ்வொன்றாக வாங்குங்கள். கல் விழுந்தால் பதித்துக்கொள்ளலாம், மெருகு மங்கினால் ஏற்றிக்கொள்ளலாம். அவள் மகளுக்கும் வரும். செய்கிற கைகளுக்கும் அந்தப் பணம்தான் சோறு. அங்கே பேரம் பேசிக் குறைக்க எனக்கு மனம் வராது.

புடவைக்கு வருவோம். நம் ஊரில் ஓணத்துக்குக் கசவு நேரியல் எடுக்காத வீடு குறைவு, குறிப்பாக விளவங்கோடு, கல்குளம் பக்கம். பாலராமபுரம் கைத்தறி என்று கேட்டால் அசல் சரிகையா என்றும் கேளுங்கள். அசல் சரிகையில் வெள்ளி இழை சுற்றப்பட்டிருக்கும் உள்நூல் பெரும்பாலும் சிவப்புப் பட்டாக இருக்கும். முந்தியின் ஓரத்தில் ஒரு பிசிரை நகத்தால் சுரண்டினால் தெரிந்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை உடுத்தப் போகிறீர்கள் என்றால் சாதாரணச் சரிகையே போதும். அசல் சரிகைக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் அசலையே வாங்குங்கள். முகூர்த்தப் பட்டும் அப்படியே: பிற்பாடும் எடுத்து உடுத்தக்கூடிய எடையில், நிறத்தில் எடுங்கள். ரவிக்கை தைக்கும்போது உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் அதற்கென்றே ஒரு சட்டை வைத்திருப்பார்கள், பால் கறை போகாது என்பதால். அவர்களுக்குச் சட்டையைவிட நல்ல ரப்பர் செருப்புதான் முக்கியம். இரண்டு மழைக்காலமும் உப்புக்காற்றும் உள்ள மாவட்டத்தில் தோல் செருப்பு பூத்துப்போகும், கவரிங் சீக்கிரம் கறுக்கும். நல்ல குடைக்கும் செருப்புக்கும் கொடுக்கும் காசு வீணாவதில்லை.

கடைசியாக, கல்யாண வீட்டார் பலர் செய்யாத ஒன்று. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. அதன்கீழ் 1985-இல் வந்த விதிகளின்படி, மணமக்களுக்கு வரும் அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு, யார் கொடுத்தது, என்ன மதிப்பு என்று குறித்து, மணமகளும் மணமகனும் கையெழுத்திட வேண்டும். நகைக்கடை ரசீதுகளை அந்தப் பட்டியலோடு சேர்த்துப் பெண்ணின் பெயரில், பெண்ணின் கையில் கொடுங்கள். நகையும் அவள் பெயரில் உள்ள வங்கி லாக்கரில் இருக்கட்டும். எத்தனை பவுன் வேண்டும் என்று முதலில் அவளிடமே கேளுங்கள். வேண்டாம், அந்தப் பணத்தில் ஐந்து சென்ட் மனை வாங்கித் தாருங்கள் என்று சொல்லும் பெண்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம்: மனை வாங்கும்போது பார்க்க வேண்டிய பத்திரங்கள்.