ஐப்பசி விருந்துக்கு வீட்டுப் பலகாரம்

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் வானம் பார்த்த பூமியே மிகுதி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கிறார்கள். குதிரைவாலி வீடு வந்து சேர்வதோ மார்கழி, தை மாதங்களில்தான். ஆகவே தீபாவளி விடுமுறைக்குப் பிள்ளைகள் வீடு திரும்பும் வேளையில், கையிலிருந்த பணமெல்லாம் விதையாகவும் உழவுக் கூலியாகவும் மண்ணுக்குள் போயிருக்கும். அந்நாளில் கடன்பட்டுக் கடைப் பலகாரம் வாங்குவானேன்? சென்ற ஆண்டுக் குதிரைவாலி வீட்டில் இருக்க, சிறிது எள்ளும் கருப்பட்டியும் தேங்காயும் சேர்ந்தால் விருந்து நிறைவுறும்.

குதிரைவாலிப் பாயசம்: தீட்டிய குதிரைவாலி அரிசி ஓர் ஆழாக்கை இலேசாக வறுத்து, நான்கு ஆழாக்கு நீரில் குழைய வேகவிடுங்கள். ஒன்றரை ஆழாக்குக் கருப்பட்டித் தூளை நீரில் கரைத்துக் காய்ச்சி, மண் நீங்க வடிகட்டிச் சேருங்கள். இரண்டு கொதி வந்ததும் இறக்கி, இரண்டு ஆழாக்குத் தேங்காய்ப்பாலும் சுக்குப்பொடியும் கலக்குங்கள். பால் சேர்த்தபின் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும்.

எள்ளுருண்டை: கல் நீக்கிய எள் ஓர் ஆழாக்கை, படபடவென வெடிக்கும்வரை வறுத்து ஆறவிடுங்கள். கருகினால் கசக்கும். முக்கால் ஆழாக்குக் கருப்பட்டித் தூளுடன் உரலிலிட்டு இடித்து, எண்ணெய் கசியத் தொடங்கியதும் உருட்டுங்கள்.

ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்தத் தானியத்தின் அருமையை நம் பாட்டிமார் முன்னரே அறிந்திருந்தனர்.

தாய்மாரே, பந்தி விரிக்குமுன் நான்கு உருண்டைகளை, இவ்வாண்டு விதைக்கவும் இயலாத அண்டை வீட்டாருக்கு அனுப்புங்கள். விருந்தின் இனிமை அங்கேதான் தொடங்குகிறது.