தரையில் உட்கார்ந்து வாசிக்கக் கூடாது! - தாய்லாந்து இசை பிழைத்த கதை

தரையில் உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கக் கூடாதாம்! தாய்லாந்து நாட்டில் ஒரு காலத்தில் இப்படியும் உத்தரவு போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த இசை அன்று அழிந்திருக்க வேண்டியது. எப்படிப் பிழைத்தது?

படகு வாத்தியம்

தாய்லாந்தின் பழைய வாத்தியக் குழுவுக்கு 'பிபாட்' என்று பெயர். அதில் முன்னே நிற்பது 'ரனாத் ஏக்'. பார்ப்பதற்குச் சிறு படகு போல இருக்கும். அதன் மேலே 21 மரக்கட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு கையிலும் கோல் பிடித்துத் தட்டி வாசிப்பார்கள். சுருதி சேர்க்க, கட்டையின் அடியில் தேன்மெழுகும் ஈயத்தூளும் கலந்து ஒட்டுவார்கள். மெழுகைக் கூட்டினால் சுருதி இறங்கும், குறைத்தால் ஏறும்.

இன்னொருவரைச் சுற்றி 16 வெண்கலத் தட்டுகள் வட்டமாக இருக்கும். 'பி' என்ற குழலை, நாகசுரம் போலவே சீவாளி வைத்து ஊதுவார்கள். 'சிங்' என்பது சின்னத் தாளம். ஒலிக்கவிட்டால் 'சிங்', அமுக்கினால் 'சாப்'. இந்த இரண்டு ஒலிகளே எல்லோருக்கும் காலம் காட்டும்.

குருவே புத்தகம்

இந்த இசையை ஏட்டில் எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. குரு வாசிப்பார்; சீடன் கேட்டு மனப்பாடம் செய்வான். குருவைத் தாய் மொழியில் 'க்ரூ' என்கிறார்கள். நம் 'குரு'தான் அது! குரு வணக்க விழாவில் பூவும் ஊதுவத்தியும் வைத்து வணங்குவார்கள். 'தாபோன்' என்ற மத்தளத்துக்கே முதல் மரியாதை. வாத்தியத்தை யாரும் தாண்ட மாட்டார்கள்.

ஆகவே, குருமார்கள் கற்றுத் தருவதை நிறுத்தினால் இசையே போய்விடும். அந்த ஆபத்துத்தான் வந்தது!

அரண்மனை வித்வான்

சோர்ன் என்பவர் 1881-ல் சமுத் சோங்க்ராமில் பிறந்தார். தந்தையும் வாத்தியக்காரர். ரனாத் வாசிப்பில் சோர்னை வெல்ல ஆள் இல்லை என்று பெயர் பரவியது. 1900-ல் ஓர் இளவரசர் அவரை அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். 1925-ல் மன்னர் 'லுவாங் பிரதித் பைரோ' என்ற பட்டம் தந்தார்.

1932-ல் மன்னராட்சியின் அதிகாரம் போயிற்று. ஆதரித்தவர்கள் இல்லாமல் வித்வான்கள் தவித்தார்கள். 1940-களில் பிபூன் அரசு, நாட்டை 'நாகரிகம்' ஆக்குகிறோம் என்று கிளம்பியது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வாசிக்கக் கூடாது. தரையிலும் உட்காரக் கூடாது என்றது. ஆயுள் முழுதும் தரையில் அமர்ந்து வாசித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

கிழவர் ஓயவில்லை

அறுபது வயதைத் தாண்டியும் லுவாங் பிரதித் ஓயவில்லை. சீடர்களுக்குக் கற்றுத் தந்தார். மறந்து போகாமல் இருக்க, சுரங்களை எண்களால் குறிக்கும் முறையையும் கையாண்டார். 1954-ல் அவர் காலமானார். சீடர்கள் அந்த இசையைக் காத்தார்கள்.

அவருடைய வாழ்க்கையைத் தழுவி 2004-ல் 'ஹோம் ரோங்' என்ற திரைப்படம் வந்தது. அதைப் பார்த்த இளைஞர்கள் பலருக்கு ரனாத் மேல் ஆசை பிறந்தது. பிபாட் இசையோடு இராமர் கதையை ஆடும் 'கோன்' முகமூடிக் கூத்தை 2018-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

உத்தரவு போட்டவர்கள் போய்விட்டார்கள். தாய்லாந்துப் பிள்ளைகள் இன்றும் தரையில் அமர்ந்து ரனாத் வாசிக்கிறார்கள்!