இறைச்சிக் கோழியும் மருந்தின் எச்சமும்

கிராமத்து வருவாயில் கோழி வளர்ப்பு இன்று சிறப்பானதோர் இடத்தைப் பெற்றுள்ளது. முன்னாளில் வீட்டு முற்றத்தில் நான்கைந்து கோழிகள் மேய்ந்து திரிந்தன. இன்றோ பல்லடம் போன்ற வட்டாரங்களில் ஒரே கொட்டகையில் ஐயாயிரம் பிராய்லர் கோழிகள் வளர்கின்றன. ஏறக்குறைய ஆறு வாரங்களில் இரண்டு கிலோ எடையை எட்டி விற்பனைக்குச் செல்கின்றன. இத்தனை பறவைகள் நெருங்கி வாழுமிடத்தில் நோய் புகுந்தால் விரைந்து பரவும். அப்போது மருந்து கொடுப்பது குற்றமன்று. கொடுத்த மருந்து கோழியின் உடலை விட்டு நீங்குமுன் அதனை விற்பதே குற்றம்.

உடலில் தங்கும் மருந்து

தண்ணீரிலோ தீவனத்திலோ கலந்து கொடுக்கும் மருந்து, குடலிலிருந்து இரத்தத்தில் சேர்ந்து உடலெங்கும் பரவுகிறது. ஈரலும் சிறுநீரகமும் அதனைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகின்றன. அதன் அளவு முதலில் பாதியாகவும், பின்னர் அப்பாதியில் பாதியாகவும் குறைந்து வரும். ஆதலால் மருந்தை நிறுத்திய மறுநாளே கோழியை அறுத்தால், தசையிலும் ஈரலிலும் அது எஞ்சியிருக்கும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து நெடுநாள் தங்குவதும் உண்டு. வேகவைத்தால் யாவும் போய்விடும் என்று எண்ணுதல் தவறு. சமையலின் வெப்பம் சில மருந்துகளை ஓரளவு குறைக்குமேயன்றி முற்றிலும் அழிப்பதில்லை. ஒரு பகுதி குழம்பில் இறங்கிவிடும்.

இதனால் விளையும் தீங்கு யாது?

இத்தகைய இறைச்சியை உண்டவர் அன்றே நோயுறுவது அரிது. ஒவ்வாமை உடைய சிலருக்கு மட்டும் உடனடித் தீங்கு நேரலாம். பெருந்தீங்கு மெல்ல வருவது. மருந்து அடிக்கடி புழங்குமிடத்தில் வலுவற்ற கிருமிகள் மடிய, மருந்துக்கு அடங்காதவை பெருகுகின்றன. அவை கோழியிலிருந்து மனிதரையும் அடைகின்றன. கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின், அதன் உடலிலேயே சிப்ரோஃப்ளாக்சசினாக ஓரளவு மாறுகிறது. பின்னது மருத்துவமனைகளில் நமக்கே வழங்கப்பெறும் மருந்து. அடங்காத கிருமிகள் பெருகியது கண்டு, அமெரிக்க அரசு 2005ஆம் ஆண்டில் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதைத் தடை செய்தது. பிற மருந்துகள் பயன் தராதபோது மனிதருக்குக் கொடுக்கும் கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடை, மீன் ஆகியவற்றிற்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடுத்தது.

இக்குறை நம் நாட்டில் இல்லை என்று சொல்வதற்கில்லை. டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014ஆம் ஆண்டில் அந்நகர வட்டாரத்துக் கோழி இறைச்சி மாதிரிகள் 70ஐச் சோதித்தது. அவற்றுள் 28இல் மருந்தின் எச்சம் காணப்பட்டது.

நாள் கணக்கு

கடைசியாக மருந்து கொடுத்த நாளுக்கும் விற்பனைக்கும் இடையே விட வேண்டிய காலத்தை மருந்தின் உறையிலேயே அச்சிட வேண்டும் என்று 2012ஆம் ஆண்டில் விதி செய்யப்பெற்றது. அவ்வாறு குறிக்காத மருந்தாயின் இறைச்சிக் கோழிக்கு 28 நாட்களுக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். முப்பதாம் நாளில் சளி நோய் கண்டு ஐந்து நாட்கள் மருந்து கொடுத்தால், கடைசி மருந்து 34ஆம் நாளில் முடியும். உறையில் 7 நாட்கள் என்றிருந்தால் 42ஆம் நாள் முதல் விற்கலாம். உறையில் காலம் குறிக்கப்படாவிடில் 63ஆம் நாள் வரை பொறுக்க வேண்டும். ஆறு வாரக் கோழிக்கு அது ஆகாத காரியம். எனவே காலம் குறிக்காத மருந்தை வாங்காதிருப்பதே அறிவுடைமை.

காத்திருப்பதில் செலவு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கோழியொன்று நாளொன்றுக்கு 150 கிராம் தின்பதாகக் கொண்டால், ஐயாயிரம் கோழிகளுக்கு ஒரு நாளைக்கு 750 கிலோ தீவனம் வேண்டும். நோய் கண்ட கோழிகளை அவசரமாகத் தள்ளிவிடும் எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. ஆயினும் அக்கோழியை உண்பவர் நம் ஊராரும் உறவினருமே ஆவர்.

வளர்ப்போர் கவனத்திற்கு

1. கால்நடை மருத்துவரின் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாங்கலாகாது. வெள்ளைக் கழிச்சல் போன்ற நச்சுயிரி நோய்களை அது குணப்படுத்தாது. தடுப்பூசியே அவற்றிற்குக் காப்பு.

2. மருந்தின் பெயர், தொடங்கிய நாள், முடித்த நாள், விற்ற நாள் ஆகியவற்றை நோட்டில் எழுதி வருக. கம்பெனிக்கு ஒப்பந்த முறையில் வளர்ப்போர், மேற்பார்வையாளர் தரும் மருந்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

3. மருந்தை நிறுத்தியதும் தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் கழுவி, மருந்து கலந்த தீவனத்தை அகற்றுக. எச்சத்தைக் கிளறி உண்ணும் கோழி, அதிலுள்ள மருந்தை மீண்டும் உட்கொள்ளும். ஆகவே ஈரமான கூளத்தை மாற்றுக.

4. காற்றோட்டமும், உலர்ந்த தரையும், நெருக்கமின்மையும் மருந்தின் தேவையையே குறைக்கும்.

பஞ்சாயத்தின் பங்கு

கால்நடை பராமரிப்புத் துறையினர் நடத்தும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமில் ஊரிலுள்ள எல்லாக் கோழிகளும் சேரும்படி பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்னின்று ஏற்பாடு செய்யலாம். கிராம சபையில் கால்நடை மருத்துவரை அழைத்து, இந்நாள் கணக்கை விளக்கச் செய்யலாம். சந்தையிலும் கறிக்கடைகளிலும் ஐயம் எழுந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒரு நோட்டும், சில நாட்கள் பொறுமையும் போதும். பிணி தீர்க்கும் மருந்து நம் பிள்ளைகளுக்கும் பயன்படும்படி அதன் ஆற்றலைக் காப்பது கோழி வளர்ப்போர் ஒவ்வொருவரின் கடமையாகும்.